முழங்கால் தண்ணீரில் ஒரு தகப்பன்

"காலைத் தூக்காத மாப்ள. தேய்ச்சிக்கினே வா."

ஏரித் தண்ணீரில் நடப்பதற்கு மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. தூக்கி வைக்கும் கால் சத்தம் போடும், சேற்றைக் கிளப்பும், வழுக்கியும் விடும். பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல், துணிமேல் இஸ்திரிப் பெட்டி போவதுபோல் நகர்த்தினால், நாம் வந்திருப்பது தண்ணீருக்கே தெரியாது. கருவேல முள் கிடந்தாலும் குத்துவதற்கு முன் கால்விரல் கண்டுபிடித்துவிடும்.

மாமாவுக்குத் தறிதான் தொழில். அம்மையார்குப்பத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். கைத்தறி ஓடிய வீடுகளில் இன்று விசைத்தறி ஓடுகிறது. மின்சாரம் நின்றால்தான் அந்த ஊரில் மனிதக் குரலே காதில் விழும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மின்சாரம் நின்ற நேரமெல்லாம் மாமா ஏரியில் இருப்பார். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி என்று இந்தப் பக்கம் முழுக்கக் குன்றும் ஏரியுமாய்க் கிடக்கிற பூமி. குன்றில் விழுந்த மழையைக் கீழே ஏந்திக்கொள்ளத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். மழை பெய்தால் ஏரி. பெய்யாவிட்டால் மாடு மேய்கிற மைதானம்.

கரையும் மதகும் இருக்கும் பக்கத்தில் ஏரி ஆழம். எதிர்ப்பக்கம், வரத்துக் கால்வாய் வந்து சேரும் உள்வாயில், தட்டில் ஊற்றிய ரசம்போல் தண்ணீர் மெலிந்து பரவிக் கிடக்கும். கணுக்கால், முழங்கால், அதிகம் போனால் இடுப்பு. சம்பும் கோரையும் அல்லியும் வேலம்பாசியும் மண்டிய இடம். பெரிய மீன் ஆழத்தில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் கரைமேல் நின்று மதகடியில் தூண்டில் போடுவார்கள். மாமா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். "சேலையில உடம்பை எவன் பார்க்கிறான், கரையைத்தானே பார்க்கிறான்? ஏரியும் அப்படித்தான். எல்லா வேலைப்பாடும் கரையோரத்துலதான் இருக்குது" என்பார். நெய்கிறவர் வாயிலிருந்து வரும்போது 'கரை' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் சாயம் ஏறிவிடுகிறது.

அந்தக் கரையோரத்தில் அவர் தேடியது விரால்.

விராலைத் தேடுகிறவன் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். அசையாமல் நின்றால், கோரைக்குள் எங்கோ 'ப்ளப்' என்று ஒரு சத்தம் வரும். வெற்றிலை போட்டவர் உதட்டைப் பிரிப்பதுபோன்ற சின்னச் சத்தம். தண்ணீரில் ஒரு வட்டம் விரியும், பிறகு ஒன்றும் இருக்காது. "மூச்சு வாங்குது" என்று மாமா கிசுகிசுப்பார். எனக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. மீனுக்கு எதற்கு மூச்சு, அதுதான் தண்ணீரிலேயே இருக்கிறதே என்று கேட்டேன். "தண்ணிக்குள்ள அது நம்மள மாதிரி" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்னால் படித்தபோதுதான் அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

விராலுக்குச் செவுள் உண்டு. ஆனால் வளர்ந்த விராலுக்கு அந்தச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் இரு பக்கமும், ரத்த நாளங்கள் நெருங்கிய மடிப்புத் தோல் விரித்த இரண்டு சிறு அறைகள் உண்டு. மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி அந்த அறைகளில் அடைத்துக்கொண்டு கீழே போகிறது. மேலே வரவிடாமல் வலையில் அழுத்தி வைத்தால், தண்ணீருக்குள்ளேயே இந்த மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது என்பது கேட்க விடுகதை மாதிரி இருக்கிறது. விராலுக்கு அது அன்றாட நிஜம்.

எதற்காக இப்படி ஒரு படைப்பு? வெயில் ஏறிய ஏரியின் ஓரத்தில் நின்று பார்த்தால் விளங்கும். முப்பது டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். அதே சூட்டில் ஒரு லிட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 270 மில்லிகிராம். தலைக்கு ஒரு முழம் மேலே முப்பத்தாறு மடங்கு செல்வம் கொட்டிக் கிடக்கிறது. பாசி மண்டிய ஓரத்திலோ தண்ணீரின் கையிருப்பு இன்னும் குறைவு. பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கிற அதே பாசி, இரவானால் தானும் மூச்சுவிட்டு அதைத் தின்னத் தொடங்கும். விடியும் நேரத்தில் ஓரத்துத் தண்ணீர் ஏறக்குறைய காலிப் பாத்திரம். கெண்டையும் மற்ற மீன்களும் ஆழத்துக்குப் போய்விடும், அல்லது வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். விரால் மட்டும் யாருக்கும் வேண்டாத அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ராஜாவாக இருக்கும். படைத்தவன் அதற்குத் தனியாக ஒரு குளம் வெட்டித் தரவில்லை. மற்றவர்கள் விட்டுப்போன மூலையில் வாழ ஒரு சாவியைத் தலைக்குள் வைத்து அனுப்பிவிட்டான்.

கோடையில் ஏரி வற்றும்போதும் அந்தச் சாவிதான் உதவுகிறது. கடைசிச் சேற்றில் விரால் புதைந்துகொள்ளும். தோலும் அந்தக் காற்றறைகளும் ஈரமாக இருக்கும்வரை அதற்கு உயிர் பயம் இல்லை. மண்வெட்டி போட்ட இடத்தில் விரால் துள்ளிய கதை இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. ஈரச்சாக்கில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் உயிரோடு போய்ச் சேரும். உயிரோடு விற்கிற மீன் என்பதாலேயே விலையும் கூட. பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் விரால் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். மலேசியாவில் 'ஹாருவான்' என்று பெயர் சொல்லி, இதே மீனை இதே காரணத்துக்காகச் சமைக்கிறார்கள். அங்கே ஆராய்ச்சிக்கூடங்களில் அதன் சாற்றைப் புண் ஆற்றுவதற்குச் சோதித்தும் வருகிறார்கள். குழம்பைச் சோதிக்க எனக்கு ஆராய்ச்சிக்கூடம் தேவைப்பட்டதில்லை.

இந்த ஊர்ப்பக்கம் மீனுக்கு இரண்டு மொழி. 1960-ல் எல்லை திருத்தப்படும்வரை திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. இன்றும் சந்தையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். 'விரால்' என்று விலை கேட்டால் 'கொர்ரமீனு' என்று பதில் வரும். தெலங்கானா அரசு தன் மாநில மீனாக அறிவித்திருப்பதும் இதைத்தான். சங்கப் பாடல்களில் இது 'வரால்'. உழவன் ஏர் ஓட்டுகிற சேற்றில் புரளும் மீனாகப் புலவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த 'வரால்' ஒரு காலத்தில் பாரிஸ் வரை போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியில் இருந்த மிஷன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், நம் கரையின் மீன்களைச் சேர்த்து பெர்லினில் இருந்த மருத்துவர் மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் 1793-ல் விராலைப் பற்றி எழுதி, 'வரியுள்ள பாம்புத்தலை' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1801-ல், லாசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞர் தம் பெரிய மீன்நூலில் இதே மீனுக்கு 'வ்ரால்' என்றே பெயர் எழுதினார். நம் வரால்தான் பிரெஞ்சு எழுத்தில் அப்படிச் சுருங்கியது. அதன் சின்னத் தம்பியான குறவைக்கும் 'கருவை' என்று தமிழ்ப் பெயரையே வைத்தார். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது அறிவியலின் விதி. அதனால் பிளாக்கின் லத்தீன் நின்றது, லாசெபேத்தின் தமிழ் பழைய பட்டியல்களில் ஒதுங்கிவிட்டது. இருந்தாலும் நம் ஊர்ச் செம்படவர் வாயில் புழங்கிய சொல், கொஞ்ச காலமாவது உலக அறிவின் ஏட்டில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது.

லாசெபேத்தை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. மறு ஆண்டு, 1802-ல், அதே நூலில் அவர் இன்னொரு மீனுக்கும் பெயர் வைத்தார். அமெரிக்காவின் கரோலைனாவிலிருந்து வந்த தகவலை வைத்து எழுதியது. அந்த ஊர்க்காரர்கள் அதை 'ட்ரவுட்' என்று அழைத்துவந்ததால், சால்மன் போன்றது என்ற பொருளில் பெயர் அமைந்துவிட்டது. உண்மையில் சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இன்று உலகமெங்கும் தூண்டில்காரர்கள் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்று கொண்டாடும் பெருவாய் பாஸ் மீன் அது. ஒரே மனிதர், பாரிஸில் ஒரே மேசையில் உட்கார்ந்து, அம்மையார்குப்பத்து ஏரி மீனுக்கும் அமெரிக்க ஏரி மீனுக்கும் பெயர் எழுதியிருக்கிறார். இரண்டையும் உயிரோடு ஓரத்தண்ணீரில் பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால், இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. வேறு வேறு குடும்பம், நடுவில் இரண்டு பெருங்கடல்கள். நடத்தையில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் ஆழமில்லாத ஓரத்தில் புல்லுக்குள் பதுங்கிக் காத்திருப்பவை, துரத்தி ஓடி இரை பிடிப்பதில் நம்பிக்கை இல்லாதவை. இரண்டுக்கும் உடம்புக்குப் பொருந்தாத வாய். தவளையோ கெண்டைக்குஞ்சோ எட்டும் தூரத்தில் வந்ததும் அந்த வாய் திறக்கிறது. கடிப்பதற்கு முன்னால் உறிஞ்சல். திடீரென்று விரிந்த வாய்க்குள் தண்ணீர் பாய, இரையும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விடும். நாம் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கரையில் நிற்பவனுக்குத் தெரிவது ஒரு வெடிச்சத்தம் மட்டும். இருட்டிலும் கலங்கலிலும் இரை எங்கே என்று சொல்ல, உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடு இருக்கிறது. தண்ணீரின் அசைவைத் தோலால் கேட்கும் காது அது. காலைத் தேய்த்து நட என்று மாமா சொன்னது அந்தக் காதுக்குப் பயந்துதான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பெருவாய் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 77 ஆண்டுகள் யாரும் தொட முடியாத சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்தார். ஜப்பானில் எப்படி என்று கேட்கலாம். 1925-ல் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட மீன் ஊரெல்லாம் பரவி உள்ளூர் மீன்களை விழுங்க, 2005-ல் அந்நிய உயிரினச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து அதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. கதையின் மறுபாதி அமெரிக்காவில். 2002-ல் மேரிலாந்தின் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குட்டையில், விராலின் சீனத்துச் சொந்தக்காரன் ஒன்று குஞ்சுகளோடு அகப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு அரக்கன் பட்டம் கட்டின. அரசு குட்டைக்கே மருந்து ஊற்றி எல்லா மீனையும் கொன்றது. அங்கே போன பாம்புத்தலை அரக்கன், இங்கே வந்தால் பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியம். பாஸோ தன் நாட்டில் ஏரியின் அழகு, ஜப்பானில் கொள்ளைக்காரன். எந்த உயிரையும் அதன் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் படைப்பின் கணக்குப் புரியும். இடம் மாற்றி வைத்தது நாம்; பழி மட்டும் மீனுக்கு.

சரி, ஏரிக்குத் திரும்புவோம். நான் சொல்ல வந்தது வாயைப் பற்றிக்கூட இல்லை.

மழை விழுந்து ஏரியில் புதுத்தண்ணீர் ஏறியதும், விரால் சோடி கோரைக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பாசியை விலக்கி வட்டமாக வெளியாக்கும். வீட்டுவாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட இடம் பண்ணுவதுபோல் சுத்தமான ஒரு வட்டம். அதில் முட்டைகள் மிதக்கும். கடுகளவு, மஞ்சள் நிறம். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு துளி எண்ணெய் இருக்கிறது. அதனால்தான் அது மூழ்காமல் மேலேயே இருக்கிறது. ஓரத்தண்ணீரில் அடியில் விழுந்த முட்டை ஆக்சிஜன் இல்லாமல் அழுகிப் போகும், மேலே மிதக்கும் முட்டை காற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஒரு துளி எண்ணெயைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். திருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவனுக்கும் இதற்கு எண்ணெய் ஊற்றியவனுக்கும் என்ன தூரம் என்று அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றிரண்டு நாளில் குஞ்சு வெளிவரும். ரோகுவும் கட்லாவும் லட்சக்கணக்கில் முட்டையிட்டு ஆற்றோடு விட்டுவிட்டுப் போய்விடும். எண்ணிக்கைதான் அவற்றின் காவல். விரால் இடுவது சில ஆயிரம்தான், ஆனால் அது போவதில்லை. பெரும்பாலும் தகப்பன், சில நேரம் தாயும் கூட, கூட்டின் கீழேயே நிற்கும். பொரித்த குஞ்சுகள் சில நாளில் செம்பவள நிறத்துக்கு மாறும். நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரண்டு, ஓரத்தில் மேய்ந்துகொண்டு போகும். சற்று வளர்ந்ததும் அவையும் காற்று வாங்கப் பழக வேண்டும். அப்போது கூட்டமே ஒன்றாக மேலே வரும். வெயில் காயும் பகலில், அந்த ஒரு முழம் இடத்தில் மட்டும் மழைத் தூறல் விழுவதுபோல் தண்ணீர் பொரியும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். செம்பருத்திச் சாற்றை யாரோ தண்ணீரில் ஊற்றிவிட்டு, அதைக் கொதிக்கவும் வைத்ததுபோல் இருக்கும்.

அதற்கு நேர் கீழே, நிழலோடு நிழலாக, தகப்பன்.

குஞ்சுகள் ஒரு விரல் நீளம் வளரும்வரை, ஏறத்தாழ ஒரு மாதமோ அதற்கு மேலுமோ, அது அந்தச் சிவப்பு மேகத்தை விட்டு நகராது. நீர்க்கோழி வந்தால் பாயும், தண்ணீர்ப்பாம்பு வந்தால் பாயும். ஒருமுறை தெரியாமல் நான் கிட்டே போய்விட, முழங்காலுக்குக் கீழே ஒரு குத்து விழுந்தது. யாரோ முட்டியைக் கம்பால் தட்டியதுபோல் இருந்தது. கடிக்கவில்லை. விலகிப் போ என்று சொன்னது, அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். இதே மீன் பசி எடுத்தால் தன் இனத்துச் சின்ன மீனையும் விழுங்கும். வாய்க்கு நேர் மேலே நூறு நூறாக இரை நீந்துகிறது. அந்த வாய் மூடியே இருக்கிறது.

மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கச் செய்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். பறவை தொட்டு, ஆமை நினைத்து, மீன் பார்த்து. சைவத்தில் குரு சீடனைப் பார்வையாலே பக்குவப்படுத்தும் நயன தீட்சைக்கு இதைத்தான் உவமையாகக் காட்டுவார்கள். மதுரையில் அம்மன் மீனாட்சியானதற்கும் இதே விளக்கம் உண்டு. உயிரியல் படித்த நண்பர் ஒருவர் ஒரு முறை இதைக் கேட்டுச் சிரித்தார். பார்வையில் எந்த முட்டை பொரியும் என்றார். அவர் சொன்னது சரிதான். முட்டை பொரிவது வெப்பத்தால். ஆனால் அந்த உவமையை முதலில் சொன்னவர் ஏதோ ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து விராலைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நாள் முழுக்க ஓர் இடத்தில் அசையாமல் நின்று, குஞ்சுக்கூட்டத்தை மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும் மீனை. பொரிவதற்கு வெப்பம் போதும். பிழைப்பதற்கு அந்தப் பார்வை வேண்டும்.

அது எனக்குத் தெரிந்தது படிப்பால் இல்லை, ஒரு பாவத்தால்.

பதினாறு வயதில் மாமா இல்லாமல் சேக்காளிகளோடு ஏரிக்குப் போனேன். செம்மேகத்தைக் கண்டோம். குஞ்சு இருக்கும் இடத்தில் தகப்பன் இருக்கும், கிட்டே எதைக் காட்டினாலும் அடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பசியால் இல்லை, காவலுக்காக அடிக்கும். தூண்டிலில் தவளையைக் கோத்து அந்தக் கூட்டத்தின் நடுவில் இறக்கினோம். இரண்டாவது தட்டிலேயே அடித்தது. நரம்பு கையை அறுக்க, இழுத்துக் கரையில் போட்டோம். முழங்கை நீளம், கருத்த முதுகு, வயிற்றோரம் சாய்வாக வரி. வெற்றிச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஜிலேபி மீன்கள் வந்துவிட்டிருந்தன. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்த ஏரியிலும் இருக்கும் அதே ஜிலேபி. செம்மேகம் சிதறியது, மறுபடி கூடியது, மறுபடி சிதறியது. நீர்க்காகம் ஒன்று வந்தது. ஒரு பீடி பிடிக்கும் நேரத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பே இல்லை.

மாலையில் மாமாவிடம் மீனைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "குஞ்சோட இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அத்தை குழம்பு வைத்தார். மாமா மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

அமெரிக்காவில் பாஸ் மீன்காரர்களுக்குள்ளும் இதே வழக்கு நெடுநாளாக ஓடுகிறது. பாஸில் ஆண் மட்டுமே வாலால் மணலைக் கூட்டி, கிண்ணம்போல் கூடு செய்து காவல் நிற்கும். கூட்டில் நிற்கும் மீனைப் பிடிப்பது எளிது. பிடித்துத் திரும்ப விட்டாலும், அந்தச் சில நிமிஷத்துக்குள் மற்ற மீன்கள் முட்டையை முடித்துவிடும். அதனால்தான் கனடாவின் ஒண்டாரியோவில் பல பகுதிகளில் வசந்தகாலத்தில் பாஸ் பிடிக்கத் தடைக்காலம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வேறொரு தடைக்காலம் இருப்பதாக நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலைக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் இருப்பார்கள், மீன் தொட மாட்டார்கள். மாமாவும் காவடி எடுப்பார். மாலை போட்டதும் தூண்டில் கம்பு கூரையில் ஏறிவிடும். ஆடியும் ஆவணியும் முதல் மழை ஏரிக்குள் இறங்கும் மாதங்கள், விரால் கூடு கட்டும் மாதங்கள். யாரும் மீனுக்காக வைத்த விரதம் இல்லை அது. ஆனால் விரதத்தின் நிழலில் சில ஆயிரம் குஞ்சுகள் பிழைத்திருக்கும்.

சூரபத்மனோடு போர் முடித்து, முருகன் சினம் தணிந்து நின்ற மலை என்பதால்தான் அது தணிகை. செரு என்றால் போர். செருத்தணிதான் திருத்தணி ஆயிற்று என்பார்கள். அந்தப் போரில் முருகனோடு நின்ற நவவீரர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது நெசவாளர்களான செங்குந்தர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. குந்தம் என்றால் ஈட்டி. ஈட்டி பிடித்த கை பின்னால் நாடா பிடித்து நெய்ய வந்தது. முருகன் பிள்ளையாய் வளர்ந்ததும் ஓரத்தண்ணீரில்தான். சரவணப் பொய்கை என்றால் நாணல் சூழ்ந்த பொய்கை. ஆறு தாமரையில் ஆறு குழந்தை, சுற்றிலும் நாணல். 365 படி ஏறி மலைமேல் நின்று கீழே பார்த்தால் தூரத்தில் ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாய் மின்னும். அவற்றின் ஓரங்களில் எங்கோ, வாய் நிறையப் பல்லோடு ஒரு போர்வீரன், சினத்தை விழுங்கிக்கொண்டு குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறான் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். புராணத்தை மீனுக்குப் பொருத்துவது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். மலையடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படி நினைக்க வரும்?

மாமா இப்போது ஏரிக்குப் போவதில்லை, முழங்கால் வலி. இரண்டு வருடம் முன்பு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். தூர்வாரியிருந்தார்கள், நல்ல காரியம். ஆனால் பொக்லைன் எந்திரத்துக்கு ஓரம் என்பது புரியாது. செங்குத்தாக வெட்டி, கரையிலிருந்து ஒரே அடியில் இடுப்பளவு ஆழம் ஆக்கியிருந்தார்கள். தண்ணீர் கூடுதலாக நிற்கும்தான். கோரை முளைக்க இடமில்லை. மறுபக்கம் உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியிருந்தது. மீதி ஓரத்தில், ஆகாயத்தாமரைக்கும் நெகிழிப் பைகளுக்கும் நடுவே, ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பழைய கோரைக்காடு இருந்தது. காலைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றேன். வெகுநேரம் கழித்து 'ப்ளப்' என்று ஒரு சத்தம்.

தூர்வாரும் திட்டம் உங்கள் ஊர் ஏரிக்கு வந்தால், எந்திரம் ஓட்டுகிறவரிடமும் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: உள்வாய்ப் பக்கம் சரிவாக விடுங்கள், கொஞ்சம் கோரையை விட்டுவையுங்கள். கடலுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. கையில் தூண்டில் உள்ளவர்கள் ஏரி ஓரத்துக்கு அதைத் தாமே போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் செந்நிறமாய் ஏதாவது பொரிந்துகொண்டு போனால், ரப்பர் தவளையோ நிஜத் தவளையோ, அங்கே போடாதீர்கள். பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். ஒன்றரை மாதம் கழித்து வந்தாலும் அந்த விரால் அதே கோரைக்குள்தான் இருக்கும்.